ஈரம் வேண்டாத விரல்

உதயகலாவுக்குப் புண்ணைக் கண்டால் அருவருப்பில்லை. புண்ணை ஒளித்து வைக்கிற மனிதரைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். இணுவில், மருதனார்மடம் பக்கத்து ஒழுங்கைகளில் ஸ்கூட்டியில் அலைந்து, ஆஸ்பத்திரிக்கு வர ஏலாதவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கட்டிவிடுவது அவளுடைய வேலை. சமூக சுகாதாரத் தாதி என்று அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. சனங்கள் அவளைச் சுருக்கமாகப் 'புண் மிஸ்' என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்யும் அவளுடைய கணவன் அருட்செல்வன் ஒருநாள் பகிடிக்கு அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்கத் தானே சோறு போட்டுச் சாப்பிட்டான்.

புண் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களோடு அவளுக்கு ஒத்துவராது. ஊறி வழிகிற புண்ணுக்கு உறிஞ்சக்கூடிய தடித்த பஞ்சுக்கட்டு வேண்டும். சிவந்து புதுத்தசை பிடித்து வருகிற புண்ணை மெழுகு தடவிய வலைத்துணியால் மூடவேண்டும். அதன்மேல் வெறுந்துணியைப் போட்டுவிட்டு மறுநாள் பிய்த்தெடுத்தால், வளர்ந்த தசையும் துணியோடு வந்துவிடும். மஞ்சள் சவ்வு படர்ந்த புண்ணை முதலில் நனைத்துத் துப்புரவாக்க வேண்டும். புத்தகத்தில் இன்னும் எத்தனையோ வகைக் கட்டுகள் வடிவான படங்களோடு இருக்கின்றன. அவளுடைய பையில் அனேகமான நாட்களில் சலைனும் துணியும் வலைத்துணியும் அயடீனும்தான் இருக்கும். வீட்டில் கிடக்கிற மரக்கறியைப் பார்த்துக் கறி வைக்கிற மாதிரி, இருக்கிறதில் எது பொருந்தும் என்று பார்த்துக் கட்டுவாள். அதில் அவள் கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைப் பிடித்து மருந்து கட்டப் பழக்கி, மனதில் நிற்கிற மாதிரி ஒரேயொரு வசனத்தைச் சொல்லிக்கொடுப்பாள். நீட்டி முழக்கினால் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டுவிடுவார்கள் என்பது அவளுடைய அனுபவம். ஏன், எதற்கு என்ற கதையெல்லாம் வேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும். அந்த முறையால் எத்தனையோ பேரின் கால்கள் தப்பியிருக்கின்றன. ஆகவே அதில் ஒரு பிழை இருக்கக்கூடும் என்று அவள் நினைத்ததேயில்லை.

இணுவிலில் கனகசபாபதி என்றொரு கமக்காரர். வெங்காயமும் பீற்றூட்டும் செய்து, தோட்டத்திலேயே முதுகு வளைந்தவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பல வருடம். ஒருநாள் தோட்டத்தில் மண்வெட்டி வழுக்கி முன்னங்காலில் பட்டுவிட்டது. அவரும் மனைவி குணலட்சுமியும் ஊர் வழக்கப்படி அந்தப் புண்ணைக் காயவைக்கப் பார்த்தார்கள். காலை வெயிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கந்தசுவாமி கோயில் திருநீற்றையும் அள்ளிப் போட்டார். உதயகலா போய்ப் பார்த்தபோது, மேலே பொருக்கும் கீழே மஞ்சளுமாகப் புண் ஒரு முடிவில்லாமல் கிடந்தது.

"ஆர் உங்களுக்குப் புண்ணை வெயிலிலை காயப்போடச் சொன்னது? என்ன, மிளகாயோ இது?" என்று அவள் கேட்ட கேள்வியில் மனிசன் நிழலுக்கு நகர்ந்துவிட்டார். சலைனால் கழுவி, ஈரத்துணி வைத்து, வலைத்துணியால் மூடி, குணலட்சுமிக்கு அன்றைய வசனத்தைச் சொல்லிக்கொடுத்தாள்: "புண் காயக்கூடாது அம்மா. ஈரமாய் இருந்தால்தான் ஆறும்."

குணலட்சுமி அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினாள். சொன்னபடி கட்டினாள். புண்ணும் சொன்னபடி ஆறியது. ரொறன்ரோவிலிருந்து மகள் தர்சினி ஒவ்வொரு கட்டையும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள் அவள். "அக்கா, உங்கடை கை ராசியான கை" என்று அவள் சொன்னதில் உதயகலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டுக்கு மயங்காத தாதி உண்டென்றால் அவள் எங்கோ வேறு நாட்டில் இருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து அதே காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுக்கத் தொடங்கியது. கனகசபாபதி அதைச் உடுத்திருந்த சாரத்துக்குள் மறைத்து வைத்திருந்தார். நோவில்லாதபடியால் அது ஒன்றுமில்லை என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார். உதயகலா பாதத்தைத் தொட்டாள். குளிர்ந்து கிடந்தது. புறங்காலில் நாடி பிடித்துப் பார்த்தாள். விரலை எங்கெல்லாமோ மாற்றி வைத்துப் பார்த்தும் துடிப்பு அகப்படவில்லை. அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். காலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்று சொன்னார்கள். அடைப்பு எடுக்க ஒரு திகதி கொடுத்தார்கள். அதுவரைக்கும் விரலைக் காய்ந்தபடியே வைத்திருந்தால், போனாலும் அந்த ஒரு விரலோடு போகும், பாதம் தப்பும் என்றார்கள்.

இரத்தம் ஓடாத விரல் பட்டுப்போன கிளை மாதிரி. காய்ந்திருந்தால் அது தன்பாட்டில் இருக்கும். நனைந்தால் அழுகும், அழுகல் மேலே ஏறும். உதயகலாவுக்கு இது நன்றாகத் தெரியும். அயடீனைப் பூசி, விரல்களுக்கு இடையில் காய்ந்த துணியை வைத்து, இறுக்காமல் சுற்றிவிட்டு, "இதுக்கு ஈரம் படவே கூடாது" என்றாள்.

"அண்டைக்கு ஈரம் வேணும் எண்டு சொன்னீங்கள் மிஸ்" என்றாள் குணலட்சுமி.

"அது வேறை புண், இது வேறை புண் அம்மா. சொன்னதைச் செய்யுங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். மருதனார்மடத்தில் இன்னொரு வீட்டில் படுக்கைப்புண்ணோடு ஒருவர் காத்திருந்தார். ஸ்கூட்டி வெளியே வெயிலில் நின்றது.

அடுத்த கிழமை அவளைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்பதுதான் பயிற்சி. விதியின் பகிடி சில வேளைகளில் இப்படித்தான் கூச்சமில்லாமல் இருக்கும். குளிரூட்டிய மண்டபத்தில் அவள் படம் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் தர்சினி கொடுத்துவிட்ட பாசல் பொதியைக் கனகசபாபதி வீட்டில் இறக்கினார். குழாய் குழாயாய் ஜெல். தோல் நிறத்தில் தடித்து ஒட்டுகிற கட்டுகள், பெட்டி பெட்டியாக. தர்சினி வேலை செய்யும் இல்லத்தில் முதியவர்களுக்கு அவற்றைத்தான் ஒட்டுவார்கள். ஒட்டி ஆறியதை அவள் தன் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"அம்மா, விரல் எவ்வளவு காய்ஞ்சுபோய்க் கிடக்கு" என்றாள் அவள் வீடியோவில். "புண் ஈரமாய் இருந்தால்தான் ஆறும் எண்டு மிஸ்தானே சொன்னவ. பாவம், அவவிட்டைச் சாமான் இல்லை, அதுதான் வெறுந்துணியைக் கட்டிவிடுறா. நான் அனுப்பினதைப் போடுங்கோ."

அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? உதயகலாவிடம் சாமான் இல்லாதது உண்மை. வசனமும் அவளுடையதுதான். கடல் கடந்து போன பிள்ளை தகப்பனுக்குச் செய்யக்கூடியது அதுதான், அனுப்புவது. குணலட்சுமி கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஜெல்லைப் பூசி, காற்றுப் புகாமல் வடிவாக ஒட்டினாள். மிஸ் பழக்கிய பழக்கம், ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கொழும்பிலிருந்து வந்த மறுநாள் காலை உதயகலா அந்தப் படலையைத் திறந்தாள். அழுகல் மணம் வந்தது. ஸ்கூட்டியை நிறுத்த முதலே அவளுக்கு விளங்கிவிட்டது. குணலட்சுமி சிரித்த முகத்தோடு தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நீங்கள் இல்லாட்டியும் வடிவாய்க் கட்டியிருக்கிறன், பாருங்கோ மிஸ். பிள்ளை அனுப்பினது, நல்ல திறம் சாமான்."

உதயகலா கட்டை உரித்தாள். கறுப்பு ஒரு விரலோடு நிற்கவில்லை. பாதம் வீங்கி, கணுக்கால்வரை சிவந்து, தொட்டால் நீர் கசிந்தது. அவள் வழக்கமாகப் போடுகிற சத்தம் அன்றைக்கு வரவில்லை. "ஓட்டோ ஒண்டைக் கூப்பிடுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் குணலட்சுமி பயந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆளே தப்பியிருக்கமாட்டார்.

அந்த நாட்களில் உதயகலா சரியாகச் சாப்பிடவில்லை. தேங்காய் நல்ல விலைக்குப் போன கதையை அருட்செல்வன் சொல்லும்போது ஓம், ஓம் என்பாள், காதில் ஒன்றும் விழாது. 'ஈரமாய் இருந்தால்தான் ஆறும்.' எத்தனை வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்! சொல்லிக்கொடுத்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையில் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதை யாரும் அவள்மேல் குற்றமாகச் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கனகசபாபதி வீட்டுக்கு வந்ததும், வெட்டிய காலுக்கு மருந்து கட்டவும் அவள்தான் போகவேண்டியிருந்தது. தையல் போட்ட இடம் துப்புரவாக இருந்தது. கட்டி முடியும்வரை அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். குணலட்சுமி தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒரு விசயம். ஈரமாய் மூடினதாலைதான் அழுகினது எண்டு டொக்டர் எனக்குச் சொன்னவர். கோயில் வீதியிலை வெறுங்காலோடை நடந்ததாலை வந்தது எண்டு தர்சினிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். மனிசிக்கும் அதைத்தான் சொன்னனான். உங்களைக் கேட்டாலும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ."

அந்தப் பொய்யில் உதயகலாவுக்கும் ஒரு நிழல் இருந்தது. அந்த நிழலில் நிற்கலாம் என்றுதான் மனம் சொன்னது. மற்றக் காலைப் பார்க்கச் சாரத்தை விலத்தினாள்.

குதிக்காலில் தோல் நிறத்தில் ஒரு கட்டு, வடிவாக ஒட்டியிருந்தது.

"உது என்ன?"

"சின்ன வெடிப்பு ஒண்டு மிஸ்" என்றபடி குணலட்சுமி தேத்தண்ணீரோடு வந்தாள். "இந்தக் காலுக்கும் ஏதும் வந்திடுமோ எண்டு பயத்திலை முன்கூட்டியே ஒட்டினனான். பிள்ளை இன்னொரு பாசலும் அனுப்புறாளாம். பக்கத்து வீட்டு அண்ணைக்கும் சீனி வருத்தம்தானே, அவருக்கும் ஒரு பெட்டி குடுத்தனான்."

உதயகலா மெல்ல உரித்தாள். தோல் ஊறி வெளிறிப்போயிருந்தது. அழுகவில்லை, இன்னும் இல்லை. அவள் மூச்சு விடுவதற்குள் கைத்தொலைபேசி அடித்தது. தர்சினி. குணலட்சுமி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அப்பா கோயில் வீதியிலை நடந்ததாலை எண்டு சொல்லுறார். நான் அனுப்பினதாலை இல்லைத்தானே?"

கனகசபாபதி உதயகலாவின் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் போதும். அவளும் தப்பலாம், அந்தப் பிள்ளையும் நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் பாசல் வரும். இந்தக் குதிக்காலுக்கும் வரும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

"அதாலையும்தான் தங்கச்சி" என்றாள் உதயகலா. "அந்த விரலை ஈரமாக்கி மூடியிருக்கக்கூடாது. ஏன் எண்டு நான் அம்மாவுக்கு அண்டைக்கே விளங்கப்படுத்தியிருக்கோணும். நான் செய்யேல்லை. அது என்ரை பிழை. இனி என்னைக் கேளாமல் ஒண்டும் கட்டச் சொல்லாதேங்கோ."

மறுமுனையில் தர்சினி அழுவது கேட்டது, பிறகு அழைப்பு நின்றுவிட்டது.

கனகசபாபதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கால் போனது எனக்கு. அதை நான் பொறுத்துக்கொண்டனான்" என்றார். "நீங்கள் அதைத் தூக்கி என்ரை பிள்ளையின்ரை தலையிலை வைச்சிட்டீங்கள். இனி அவள் எப்பிடி நித்திரை கொள்ளப்போறாள்? நீங்கள் போங்கோ. இனி வரவேண்டாம்."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் உதயகலாவால் போகவும் முடியவில்லை. குதிக்கால் இன்னும் திறந்தபடி கிடந்தது. "காலைத் தாங்கோ ஐயா" என்றாள். அவர் காலைச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார். அவள் தரையில் அப்படியே இருந்தாள்.

கைத்தொலைபேசியைக் கட்டில் சட்டத்தில் வைத்துவிட்டுக் குணலட்சுமி வந்தாள். தன் கையால்தான் ஒட்டினோம் என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. முகம் வெளிறியிருந்தது. அழவில்லை. உதயகலாவுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து, கணவனின் காலை வெளியே எடுத்து உதயகலாவின் மடியில் வைத்தாள்.

"ஏன் எண்டதை இப்ப சொல்லுங்கோ மிஸ்" என்றாள். "ஆறுதலாய், முழுக்கச் சொல்லுங்கோ."