கண்ணாடிக்குள் தலையாட்டியவர்கள்

ஜுனைதாவுக்குக் கோபம் வந்தால் வார்த்தை கோர்வையாக வரும். பயம் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்முனைச் சந்தையில் நேற்றைய சூரை மீனை இன்றையது என்று விற்கிறவரை நியாயம் கேட்டே ஓடவைப்பாள். அதே பிள்ளைதான், கரையோரக் கிணறுகளில் உப்பேறுவது பற்றிய தன் ஆய்வைச் சொல்ல கம்பஸில் எழுந்து, ஊமையாய் நின்றாள்.

காரணம் இருந்தது. இரண்டாவது வசனத்திலேயே விரிவுரையாளர் இஹ்ஸான் குறுக்கிட்டார். "என்ன இங்கிலீசு புள்ள இது? எங்க படிச்ச?" வகுப்பே சிரித்தது. ஜுனைதா ஃபெயில். இன்னொரு முறை உண்டு. அதிலும் தவறினால் பட்டம் இல்லை.

இதற்குத் துறை கண்ட மருந்து, தலையில் மாட்டும் ஒரு மெய்நிகர் (VR) கண்ணாடி. மாணவர் மனஅழுத்தத்தைப் போக்கவென்று நிதி எடுத்து அதைக் கொண்டுவந்தவரும் இஹ்ஸான்தான். நோயைக் கொடுத்தவரே மருந்துக்கடையும் திறந்திருந்தார். அதில் அவருக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

கருவிக்குப் பொறுப்பான ஸப்னா, பர்தா ஊசி குத்தாமல் பட்டியை இறுக்கிவிட்டாள். கண்ணாடிக்குள் ஒரு மண்டபம். அதில் ஆறு பேர். ஜுனைதா பேசினாள், தலையாட்டினார்கள். பிழைவிட்டாள், தலையாட்டினார்கள். வேண்டுமென்றே பேசாமல் நின்றாள். அதற்கும் ஆட்டினார்கள்.

"இதுல ஒருத்தரும் கத்தமாட்டாங்களா ராத்தா?" என்று மூத்தவளான ஸப்னாவைக் கேட்டாள்.

"இல்ல கா தங்கச்சி. மனச அமைதியாக்கத்தானே இது."

"எனக்குப் பிரச்சினை மனிசரோட. இதுகளோட இல்ல."

"சரி, பயம் பத்துக்கு எத்தின?"

"பயமில்ல. ஆத்திரம்."

"ஆத்திரத்த இது கேக்கல்லயே கா."

ஸப்னா இரண்டு என்று போட்டாள். கருவிக்கு வெற்றி.

மறுதேர்வுக்கு வெளியிலிருந்து செல்லத்தங்கம் மேடம் பரீட்சகராக வந்திருந்தார். ஜுனைதா தொடங்கிய கையோடு இஹ்ஸான் கையை உயர்த்தினார். "புள்ள, அந்தச் சொல்லு..."

நாக்கு ஒட்டத் தொடங்கியது. கண்ணாடிக்குள் இருந்தவர்களை நினைத்துக்கொள் என்று ஸப்னா சொல்லி அனுப்பியிருந்தாள். நினைத்தாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சேர், முடிக்க விடுங்க. போன முறையும் நீங்க விடல்ல."

"அவ முடிக்கட்டும்" என்றார் செல்லத்தங்கம். முடித்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னாள். பாஸ்.

வெளியே இஹ்ஸான் பூரிப்போடு நின்றார். "பாத்தியா புள்ள, கண்ணாடி வேல செஞ்சிரிக்கி! அடுத்த மாசம் கொழும்பில கட்டுரை வாசிக்கிறன். முதல்ல உன்ட கதைதான்."

மனிதர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்க குறுக்க கதைச்சதையும் வாசிப்பீங்களா சேர்?"

"அது சின்ன விசயம்தானே" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டில் உம்மா முனவ்வறா வாசலுக்கே வந்துவிட்டார். "பாஸா மகள்?"

"ஓம்." செருப்பை உதறி எறிந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப ஏன் செருப்பப் போட்டு இந்தப் பாடு படுத்துறாய்?"

"பாஸானது நானில்லையாம் உம்மா, கண்ணாடியாம். அடுத்த மாசம் நானும் கொழும்புக்குப் போறன்."

"என்னத்துக்கு?"

"இஹ்ஸான் சேர் வாசிக்கக்குள்ள நடுவுல எழும்பிக் குறுக்க கதைக்கத்தான்."