சிலந்திவலையும் ஒரு பிடி வெங்காயமும்

பலாலி வீதி பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் மகாதேவி இருக்கமாட்டார். இருந்தால் நித்திரை வந்துவிடுமாம். ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் புத்தகம். குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இருக்கிறவர்களில் யாருடைய மடியாவது கிடைத்துவிடும். அப்படி ஒருநாள் மடி கொடுத்தவர்தான் செல்வரட்ணம். தன் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர். பேராதனையில் பொருளியல் படித்துவிட்டு வேலை தேடித் திரிந்த காலம் அது. தலைக்கு மேலே விரிந்திருந்த பக்கத்தில் ஒரு வளைகோட்டைக் கண்டதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, சோதினைக்கோ?"

"ஓம் தம்பி, நிர்வாக சேவை. மூண்டாந்தரம். வயசுக் கணக்கிலை இனி எடுக்கேலாது." பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "உந்தக் கோடு ஏன் உள்ளுக்கு வளையுது எண்டு தெரியுமோ? தெரிஞ்சாச் சொல்லும். தெரியாட்டிக் குடையைப் பிடியும்."

பஸ் நிலையம் வருவதற்குள் செல்வரட்ணம் சொல்லி முடித்தார். அவரும் அதே சோதனையை எடுப்பவர் என்று தெரிந்தபின், சனிக்கிழமைகளில் இருவரும் நூலகத்தில் ஒரே மேசையில் இருந்து படித்தார்கள்.

மகாதேவி கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் பணிமனையில், காணிப் பகுதி எழுதுவினைஞர். படிப்பை மேசையோடு விட்டுவிட்டு எழும்பத் தெரியாதவர். விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணீர் நீட்டினால், "முதல் கோப்பையின்ரை பயன் இதிலை வராது" என்று மறுப்பார். வீட்டுக்காரிக்கு முகம் கறுக்கும். விலையைக் கொஞ்சம் இறக்கினால் இன்னும் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று குருநகரில் மீன் விற்கும் ஸ்ரெல்லாவின் கடகத்தின் முன்னால் குந்தியிருந்து விளங்கப்படுத்துவார். "பிள்ளை, மீன் வாங்க வந்தனியோ, பள்ளிக்கூடம் வைக்க வந்தனியோ?" என்பாள் அவள். மகாதேவிக்குக் கோபம் வராது. அடுத்த கிழமையும் அதே இடத்தில் குந்துவார்.

வெளிநாட்டு வெங்காயம் நின்றுபோய், செம்மண் தோட்டக்காரர் கையில் காசு புழங்கிய எழுபதுகளின் தொடக்கம். சோதனைக்கு இரண்டு போகம் முன்னால் வெங்காயம் நல்ல விலை போயிற்று. அறுவடை முடிந்த வாரம் மகாதேவி படித்தது சிலந்திவலைக் கோட்பாடு. விலை ஏறினால் எல்லாரும் நடுவார்கள். எல்லாரும் நட்டால் விலை விழும். விழுந்தால் ஒருவரும் நடமாட்டார்கள், திரும்பவும் ஏறும். கோடு சுற்றிச் சுற்றி வலையாகும். இராச்சாப்பாட்டில் மிஞ்சிய சொதியில் விரலால் அந்த வலையைக் கீறி, தகப்பன் ஆழ்வாப்பிள்ளைக்குக் காட்டினார்.

"அப்ப இந்தமுறை எல்லாரும் வெங்காயந்தான் நடுவினம், விலை விழும் எண்டுறாய்?"

"ஓம் ஐயா. நாங்கள் கத்தரி வைப்பம்."

ஆழ்வாப்பிள்ளைக்கு மகளின் கெட்டித்தனம் வயிற்றுக்குள் நிற்கவில்லை. "என்ரை பெட்டை சொன்னவள், வெங்காயம் சரிவராதாம்" என்று கோயிலடியில் சொன்னார். கடையடிக்கு வரும்போது அது "கச்சேரிப் பிள்ளை சொன்னதாம்" ஆயிற்று. அடுத்த ஒழுங்கையில், "கப்பலிலை வெங்காயம் வருகுதாம், கச்சேரிக்குக் கடுதாசி வந்திட்டுதாம்!" பிறகு கதை சைக்கிளில் ஏறி அயலூர்களுக்கும் போயிற்று. எல்லாரும் கத்தரி வைத்தார்கள். பக்கத்து வளவு நடராசா மட்டும் வைக்கவில்லை. எல்லை வேலிப் பிரச்சினையில் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. "ஆழ்வாப்பிள்ளை வீட்டுக் கதையைக் கேட்டு நான் தோட்டஞ் செய்யிறதோ?" என்று வீம்புக்கு முழுத் துண்டிலும் வெங்காயம் நட்டார்.

அந்தப் போகம் கத்தரிக்காயை மாடும் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. வெங்காயம் முன்னெப்போதும் காணாத விலைக்கு ஏறியது. நடராசா வீட்டு வாசலில் லொறி நின்றது. தலைமுறை தலைமுறையாக வெங்காயம் விற்ற வீட்டு ஆழ்வாப்பிள்ளை கறிக்கு வெங்காயம் கடையில் வாங்கினார். அன்று பின்னேரம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, வேலிக்கு மேலால் நடராசாவின் தலை தெரிந்தது. கையில் காய்ந்த தாளோடு சேர்த்து முடிந்த ஒரு பிடி வெங்காயம்.

"இந்தா பிள்ளை, உன்ரை புண்ணியத்திலை விளைஞ்சது. வாற போகம் என்ன வைக்கக்கூடாது எண்டு சொல்லு, அதை வைக்கிறன்."

"உந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அடுப்புக்கை வை!" என்று ஆழ்வாப்பிள்ளை உள்ளேயிருந்து கத்தினார்.

சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் யாரோ மேலதிகாரிக்குப் பெட்டிசம் போட்டுவிட்டார்கள்: அரசாங்க இரகசியத்தைச் சொல்லி ஊரைக் கெடுத்த எழுதுவினைஞர் என்று. குற்றம் நிலைத்தால் சோதனை எழுத முடியாது. சோதனைக்கு இன்னும் ஒரு மாதந்தான் இருந்தது.

செல்வரட்ணம் பதறிப்போனார். "அக்கா, ஐயா வயசுபோன மனுசன், விளங்காமல் கதைச்சிட்டார் எண்டு சொல்லுங்கோ. அதோடை விட்டிடுவினம்."

"ஐயாவுக்கு நல்லா விளங்கினது தம்பி. விளங்கப்படுத்தினது நானெல்லோ."

விசாரணைக்கு மகாதேவி மேலதிகாரியின் அறைக்குப் புத்தகத்தோடுதான் போனார். சொதியில் கீறிய அதே வலையை இந்த முறை கடதாசியில் கீறினார். "நான் சொன்னது கச்சேரிக் கதையில்லை சேர், இதுதான்."

அதிகாரி கோட்டை விரலால் சுற்றிப் பார்த்தார். "சரியாத்தானே கிடக்கு. அப்ப ஏன் பிழைச்சது?"

"புத்தகத்திலை வாற கமக்காரர் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லை சேர். எங்கடை ஊரிலை கதைக்கினம். நான் வாய் திறக்காட்டி நான் நினைச்சது நடந்திருக்கும்."

அதிகாரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பெட்டிசத்தின் ஓரத்தில் 'விசாரித்தேன், நடவடிக்கை வேண்டியதில்லை' என்று எழுதினார். "போய்ப் படியும் பிள்ளை. இதை இனி ஊரிலை சொல்லாதையும். சோதினைத் தாளிலை எழுதும்."

எழுதினார், சித்தியடைந்தார். பெயர் வந்த பேப்பரை ஆழ்வாப்பிள்ளை கோயிலடிக்குக் கொண்டுபோனார். இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாமல், விரித்துக் காட்டிவிட்டு மட்டும் வந்தார்.

இப்போது மகாதேவி வன்னியில் ஒரு பிரிவுக்கு உதவி அரசாங்க அதிபர். அவருடைய அறை யன்னல் கம்பியில் ஒரு பிடி வெங்காயம் தொங்குகிறது. போகத்துக்கொரு புதுப்பிடி நடராசாவிடமிருந்து வேலிக்கு மேலால் வந்து, ஆழ்வாப்பிள்ளையின் பையில் பஸ் ஏறி அங்கே போய்ச் சேருகிறது.

"அம்மா, இந்தமுறை என்ன வைக்கலாம்?" என்று கமக்காரர் யாராவது வந்து கேட்டால், மகாதேவி பேனையை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய் அந்தப் பிடியை ஒரு விரலால் மெல்லச் சுழற்றிவிடுகிறார். பிறகு ஒரு கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப்போட்டு, "மற்ற ஆக்கள் என்ன கதைக்கினம்? முதல் அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டு அதில் இருக்கிறார்.