ஐந்தடிப் புடலங்காயோடு சோழபுரம் வரை

மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறவர்களுக்கு மண், எரு, வெயில் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு எதிரியும் வேண்டும். எனக்கு வாய்த்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, ராகேல் மதினி. நாங்கள் மதுரையில் இருக்கிறோம், அவர் ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் இருக்கிறார். நடுவில் நூறு கிலோமீட்டர் இருந்தும் எங்கள் பகை வாடாமல் தழைத்து வந்தது.

அந்த ஊர் சர்ச்சில் தை மாதம் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையை ஒட்டி, சபை மைதானத்தில் காய்கனி, கைவேலைக் கண்காட்சி நடத்துகிறார்கள். எந்த மதத்தவரும் பொருள் வைக்கலாம். போட்டிகளில் பெரிய போட்டி, நீளமான புடலங்காய். மதினி ஆறு வருடமாக அதில் முதல் பரிசு வாங்குகிறார். ஒரு வருடம் பார்வையாளராகப் போன நான், என் மாடித் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் (சரி, நிறையவே) அளந்துவிட்டேன். மதினி பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "தொட்டியில வளக்குததெல்லாம் வெவசாயமாட்டி? பொம்மைக்குச் சோறு ஊட்டுத மாதிரி."

அந்தப் பத்துப் பேரும் சிரித்தார்கள். பதினோராவதாக என் வீட்டுக்காரரும் சிரித்தார். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஒற்றைப் புடலங்காயோடு பேருந்து ஏறியதற்கு இதுதான் காரணம். காயோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவும். காயில்லாமல் போகிறவர்களுக்கும் நேரமும் கட்டணமும் பயன்படும்.

புடலை தானாக நேராக வளராது, சுருண்டுகொள்ளும். அதனால் பிஞ்சிலேயே நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல் லேசாக இருந்தால் காய் வளையும், கனத்தால் அறுந்து விழும். என் முதல் பிஞ்சுக்கு ஆர்வக்கோளாறில் கடப்பைக்கல் துண்டைக் கட்டினேன். மறுநாளே விழுந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கட்டினேன். அது தினம் விரற்கடை விரற்கடையாக இறங்கி வந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு வெள்ளை வரி, மின்னல் மாதிரி கோணலாக ஓடும். பெற்ற பிள்ளைகளின் மச்சம்கூட எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் காயை அறுத்தேன். காம்பை ஒட்டி, பிசிறில்லாமல், கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே அதுபோல. என் கைநேர்த்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஈரத் துண்டில் சுற்றி, நீளவாக்கில் பிளந்த ஆறடி பிளாஸ்டிக் குழாய்க்குள் படுக்க வைத்து, மேலே கயிறு கட்டினோம். வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எதிர்வீட்டம்மா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு, காலையிலேயே குழாய் ரிப்பேரா என்று கேட்டார்.

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் வண்டி 5.50-க்குப் புறப்பட்டது. ஆளுக்கு எண்பத்தைந்து ரூபாய். நடத்துநர் குழாயைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"பைப்பெல்லாம் ஏத்தப்படாதுங்க. லாரில போட்டு விடுங்க."

"பைப்பு இல்லைங்க, உள்ள புடலங்காய்," என்றார் வீட்டுக்காரர்.

"எத்தனை?"

"ஒண்ணு."

நடத்துநர் அவரை ஒருமுறை, குழாயை ஒருமுறை, கடைசியாக என்னை நீண்ட நேரம் பார்த்தார். குற்றவாளி யாரென்று புரிந்துவிட்டது போலும். நாற்பது ரூபாய்க்குச் சுமைச்சீட்டு கிழித்து, இருக்கைகளுக்கு அடியில் நீளமாக விடச் சொன்னார். ஆகவே என் புடலங்காய் எங்களைவிட வசதியாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தது.

திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டி கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது மேற்கே மலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. வலது பக்க சன்னல் இருக்கை பிடித்தால் அங்கிருந்து ராஜபாளையம் வரை மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் பார்க்கவில்லை. முன் இருக்கைக்காரர் குழாயின் மேல் கால் வைத்திருந்தார், அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு தரம் எடுக்கச் சொன்னேன். மூன்றாம் தரம் அவரே வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

என் பக்கத்தில் அம்மா ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்ற பகுதிக்குப் போகிறவர், விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். நாத்தனார் என்ற சொல் வந்ததும் அவர் முகத்தில் ஒரு ஒளி. வண்டி 7.45-க்கு ஊருக்குள் நுழைந்து கோபுரம் தெரிந்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உங்க காயையும் சேத்துச் சொல்லியிருக்கேன், ஆண்டாள் பாத்துக்கிடுவா," என்றார். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் போட்டி என்று வந்தபின் யாருடைய சிபாரிசையும் நான் மறுப்பதில்லை.

ராஜபாளையம் 8.20. பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காப்பி, இருவருக்கும் நூற்றுப் பத்து ரூபாய். ஒன்பது மணி நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அவருக்கு மட்டும் சீட்டு. ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, சோழபுரத்தில் இறக்கிவிடும்போது 9.40.

மைதானத்தில் சாமியானா போட்டு, பெஞ்சுகளில் வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். பூசணி, கருணைக்கிழங்கு, வாழைத்தார் ஒரு பக்கம். கைவேலைகள் மறுபக்கம்: ஒயர் கூடைகள், பனையோலைப் பெட்டிகள், பூத்தையல் போட்ட தலையணை உறைகள். ஐஸ் குச்சியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைச் செய்து வைத்திருந்தார் ஒருவர், சக்கரம்கூட உருண்டது. பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் கமிட்டிச் செயலாளர் தானியேல், நாற்பது வயதிருக்கும். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களைக் கேட்காமலே கைவேலைப் பிரிவில் எழுதிவிட்டார். அதை அடிக்கச் செய்து காய்கனிப் பிரிவுக்கு மாற்ற கால் மணி நேரம் ஆயிற்று.

கயிற்றை அவிழ்த்துக் குழாயைத் திறந்தேன். ஒரு கீறல் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒரு நிமிடம் பேசவில்லை. பேச்சில்லாத அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னொரு நூறு கிலோமீட்டர்கூடப் போவேன்.

மதினியின் காய் ஏற்கெனவே பெஞ்சில் கிடந்தது. தலைப்பக்கம் ஒரு முழம் கொடி, இரண்டு இலை, ஒரு சுருள். என்ன அலங்காரம் பண்ணுகிறார் பாரேன் என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன். மதினி என் காயைப் பார்த்தார், தலையிலிருந்து நுனி வரை மெதுவாக. பிறகு என்னைப் பார்க்காமல், சாப்பிட்டாச்சா என்று தம்பியைக் கேட்டார்.

பதினொன்றரைக்கு நடுவர் வந்தார். ராஜபாளையத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அறுபதை நெருங்கிய அம்மா. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என் காயைத் தடவினார், தலைப்பக்கம் வந்ததும் நின்றார்.

"கொடி எங்கம்மா?"

கொடி மதுரையில் இருக்கிறது என்றேன். யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. முன்பொரு வருடம் ஒருவர் சந்தையில் வாங்கிய காயை வைத்துப் பரிசை அடித்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து ஒரு விதி. போட்டிக் காயை ஒரு முழம் கொடியும் இலையும் சேர்த்துத்தான் அறுத்து வர வேண்டும். வாடிய இலையைப் பார்த்தாலே இன்று அறுத்ததா, கடையில் கிடந்ததா என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். நோட்டீசின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறதே என்றார் தானியேல். எனக்கு மதினி போனில் படமெடுத்து அனுப்பியது முன்பக்கம் மட்டும்தான்.

பின்வரிசையில் ஒரு குரல், "மதுரைன்னா மார்க்கெட்டுக்கா பஞ்சம்?" என்றது. எனக்குக் காது சுட்டது. தோற்றிருந்தால் பரவாயில்லை. என் கையால் தண்ணீர் ஊற்றி, கல் கட்டி, அணில் விரட்டி வளர்த்த காயை வாங்கி வந்ததாகச் சொல்கிறார்கள். என் காய்தான் என்று நான் சொல்ல, அது பொய் சொல்கிறவர்கள் சொல்வது மாதிரியே எனக்கே கேட்டது. வீட்டுக்காரர் சாட்சி சொல்ல எழுந்தார். புருசன் சாட்சி செல்லாது என்று அதே குரல் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

மதினி பேசாமல் இருந்தால் போதும், ஏழாவது வருடமும் பரிசு அவருக்குத்தான். அவர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துப் போனை எடுத்து நடுவரிடம் நீட்டினார்.

"கடையில வாங்குனதில்ல தாயி இது. இந்தக் காயை நான் பூவுல இருந்து பாக்கேன்."

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும். பிஞ்சு விட்ட நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மதினிக்கு அந்தக் காயின் படத்தை அனுப்பி வந்தேன். பக்கத்தில் அளவுகோலையும் நிறுத்தி வைத்து. அன்பினால் அல்ல, அவருக்கு வயிறு எரிய வேண்டும் என்றுதான். ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை. பார்க்காமலே அழித்துவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

நடுவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிஞ்சிலிருந்து அந்த வெள்ளை மின்னல் வரி எல்லாப் படத்திலும் இருந்தது. போனையும் காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரே," என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன்," என்றார் மதினி. இப்போதுதான் என்னைப் பார்த்தார். "நோட்டீசு பின்பக்கத்தையும் அனுப்பணும்னுதான் படம் எடுத்தேன். பொறவு உன் காயி நாலடி தாண்டிருச்சா, அனுப்பல. இங்க வந்து இவுக உன்னையக் களவாணிங்கவும் எனக்குப் பொறுக்கல."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தினமும் அளவுகோல் வைத்துப் படம் அனுப்பியவளுக்குக் கோபப்பட என்ன முகம் இருக்கிறது? "நானா இருந்தா முன்பக்கத்தைக்கூட அனுப்பியிருக்க மாட்டேன் மதினி," என்றேன். அப்போது கூட்டம் சிரித்த சிரிப்பில் ஐஸ் குச்சித் தேரே ஆடியது.

வாங்கிய காயைத் தடுக்கத்தானே விதி, இது வளர்த்த காய் என்று தெரிந்துவிட்டதே என்று நடுவர் மற்ற போட்டியாளர்களைக் கேட்டார். நாலு பேரும் தலையாட்டினார்கள். தையல் நாடாவால் அளந்தார்கள். நாடா அறுபது அங்குலம்தான், இரண்டு காய்க்கும் போதவில்லை. சாக்பீசால் கோடு போட்டு, மீதியை நடுவர் தெலுங்கில் எண்ணினார். மதினி காய்க்கு "மூடு" என்று நிறுத்தினார். எனக்குத் தெலுங்கில் நாலு வரைதான் தெரியும், அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு.

ஐந்தடி நாலு அங்குலம். தொட்டியில் வளர்த்தது. எழுதும்போது இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

ஒரு மணிக்கு எல்லோருக்கும் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, பாயசம். மூன்று மணிக்குப் பரிசு. எனக்கு எவர்சில்வர் தூக்குவாளி, மதினிக்கு ஒரு சைஸ் சின்ன தூக்குவாளி. திரும்பும் வண்டியில் என்னுடையதை மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை யாரும் கேட்காததால், நானே பக்கத்து இருக்கைக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். பதிவு காலை பதினொன்றோடு முடிந்துவிடும், கட்டணம் இல்லை. மதுரையிலிருந்து ஏழு மணிக்குப் பிந்திய வண்டியை நம்பாதீர்கள். நோட்டீசைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள், முக்கியமாக அதை அனுப்புகிறவர் உங்கள் உறவாக இருந்தால். நீளக் காய்க்குக் குழாய்தான் சரி, ஈரத் துண்டைச் சொட்டாமல் பிழிந்துவிட்டுச் சுற்றுங்கள். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைமணி இறங்கிப் பால்கோவா வாங்கலாம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், அந்த ஊரில் அது சண்டையில் முடியும். அடுப்பு வெளியே தெரிகிற கடையாகப் பார்த்து, சூடாக ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சோழபுரத்தில் பேருந்துக்கு நின்றபோது மதினியும் கூட நின்றார். வண்டி தூரத்தில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அந்தக் கொடியில விதைக்கு ஒண்ணு விடுவியாட்டி? ஒரு நாலு விதை போதும்." ஆறு வருடம் பரிசு வாங்கியவர், பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறவளிடம் கேட்டார். பார்ப்போம் மதினி என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வண்டியேறினேன். உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது, தூசி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நேற்று வீட்டுக்காரர் கூட்டு வைக்கலாமே என்று கத்தியோடு மாடிக்குப் போனார். கொடியில் ஒரே ஒரு காய்தான் மிச்சம், முற்றி, நுனியில் சிவப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. பாதிப் படியில் மறித்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். அது மதினிக்கு.