எரியாத பச்சை லைட்

எடப்பாடியில் லேசர் கட்டிங் கடை வைத்திருக்கும் அமுதவல்லி, கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்கமாட்டாள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவே வராது.

சாயங்கால வரவேற்புக்கு மணமக்களின் பெயர்ப்பலகையை வெட்டியாக வேண்டும். பெண்ணின் அப்பா கடைக்குள்ளேயே நிற்கிறார். புதுக் கம்ப்யூட்டரோ மெசினைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. குப்பையக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியேடா!" கம்ப்யூட்டரை விற்ற ஜீவாவைப் போனில் பிடித்து விளாசினாள்.

"அக்கா, நெட்வொர்க் கேபிள் செருகுற எடத்துல பச்சை லைட் எரியுதுங்களா?"

எரியவில்லை. வேறு கேபிள் போட்டும் எரியவில்லை. பெண்ணின் அப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அமுதவல்லி கேபிளைப் பிடுங்கிவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துக் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தாள். கேபிள் துளைக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. காலையில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, பூசை போட்டு, அவளே தாராளமாக அப்பிய பொட்டு.

கம்ப்யூட்டரை அணைத்து, பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி, மறுபடி செருகினாள். பச்சை எரிந்தது. மெசின் பலகையை வெட்ட ஆரம்பித்தது.

"என்ன கோளாறுங்க அக்கா?" ஜீவா இன்னும் லைனில்தான் இருந்தான்.

அமுதவல்லி பிரஷ்ஷில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்குச் சாப்பிட வாங்க சாமி. கோழி அடிக்கறேன்."