பேஜரில் இல்லாத நம்பர்

என் சித்தப்பாவின் பேஜர் சேலத்தில்தான் வேலை செய்யும். சித்தப்பா குடியிருந்ததோ ஏற்காட்டில். இதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. டூரிஸ்ட் வேன் புக்கிங் பார்க்கிற மனிதருக்கு பேஜர் கத்துவதா முக்கியம்? அது இடுப்பில் இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால் போதாதா? அதற்காகவே சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடப் பழகினார். சர்ச்சில் முழங்கால் போடும்போது அது பெஞ்சில் இடித்து டொக்கென்று சத்தம் வரும். திரும்பிப் பார்ப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிப்பார். மன்னிப்பு எல்லாம் ஒன்றுமில்லை, பெருமைதான்.

மலையில் அதற்கு உயிர் வருகிற ஒரே இடம் லேடீஸ் சீட் என்கிற மலை விளிம்பு. அங்கே நின்றால் கீழே சேலம் முழுசும் தெரியும். சேலம் தெரிந்தால் டவருக்கும் நம்மைத் தெரியும் என்பது சித்தப்பாவின் விஞ்ஞானம். அது சரியாகவும் இருந்து தொலைத்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள் கைகோத்து நிற்கிற கம்பி வேலி ஓரத்தில், தினமும் சாயங்காலம் இவரும் பேஜரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். வெப்சைட் என்கிற வார்த்தை இன்னும் மலையேறி வரவில்லை. அப்பா அதே மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். என் எதிர்காலத்தை எஸ்டேட் வேலை பிரிக்கிற மாதிரி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். பாஸானால் சேலத்தில் ஹாஸ்டல், காலேஜ். பெயிலானால் குப்பனூரில் அம்மா வழி உறவில் லாரி வைத்திருந்த ஒருவர். லாரிக்காரர் கெட்டவரில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசையில்லை, படிக்க ஆசை. இந்தத் தகவல் யாருக்கும் தேவைப்படவில்லை.

ரிசல்ட் வந்தால் மறுநாள் மத்தியான பஸ்ஸில்தான் பேப்பர் நாகலூருக்கு வரும். அதுவரை பொறுப்பது விஞ்ஞான யுகத்துக்கு இழுக்கு என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பேஜர் கம்பெனியில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில் ரிசல்ட் எல்லாம் இருக்கும். சேலம் ஆபீசில் இன்னொரு கம்ப்யூட்டர் டெலிபோன் கம்பி வழியாக அதைக் கேட்கும். வருகிற பதிலை ஒரு பெண் பேஜருக்குத் தட்டி அனுப்புவாள். கிரிக்கெட் ஸ்கோர், ரயில் நேரம், மழை நிலவரம் எல்லாம் இப்படியே கிடைக்குமாம். உலகமே அவர் பெல்ட்டில் வந்து இறங்குவதாகப் பேச்சு.

ரிசல்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நின்றோம். பேஜரில் கேள்வி கேட்க முடியாது, பதில்தான் வரும். ஆகவே கேள்வியை பூத்திலிருந்து போனில் கேட்க வேண்டும். சித்தப்பா என் நம்பரை இங்கிலீஷில் ஒப்பித்தார். அந்தப் பெண் பார்த்து அனுப்புகிறேன் என்றாளாம். பார்த்ததை இப்படியே போனில் சொல்லிவிடேன் அம்மா என்று அப்பா குறுக்கே கத்தினார். அப்படிச் சொல்ல விதி இல்லையாம், பேஜருக்குத்தான் வருமாம். இதில் சித்தப்பாவுக்கு வருத்தமே இல்லை. போனில் வந்துவிட்டால் பிறகு பேஜருக்கு என்ன மரியாதை?

பதிலைப் பிடிக்க லேடீஸ் சீட்டுக்கு வேனில் பறந்தோம். பனி இறங்கி சேலம் பாதி மறைந்திருந்தது. சித்தப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பேஜர் கத்தியது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். என் நம்பர், பக்கத்தில் 'நாட் ஃபவுண்ட்'.

அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. ரிசல்ட் என்றால் எங்களுக்கு பேப்பர். பேப்பரில் பாஸானவர்களின் நம்பர் மட்டும்தான் போடுவார்கள். நம்பர் இல்லையென்றால் பெயில். மலையில் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்கும். கம்ப்யூட்டருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம், பெயில் என்றால் பெயில் என்றே போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். காதில் வாங்க ஆளில்லை. கடைசியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் நல்லாத்தான் எழுதியிருக்கறனுங்கப்பா. பெயிலாக மாட்டனுங்க."

"மெட்ராஸ்ல இருக்கற மெசினு, உம்மேல அதுக்கென்ன கண்ணு கோவம்? உடு."

மெஷினுக்கு என்மேல் கோபமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊர் பேசுவதற்கு முன் காரியத்தை முடிப்பதுதான் கௌரவம் என்று, மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அப்பா குப்பனூருக்குப் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்கு மாறாத மனிதர் என்று எஸ்டேட் முழுக்கப் பெயர் எடுத்தவர். அம்மா ஜெபம் பண்ணினாள். நான் சாப்பிடவில்லை. மத்தியான பஸ் எந்த விஞ்ஞானமும் இல்லாமல் வழக்கம்போல் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. பேப்பரில் என் நம்பர் இருந்தது. அச்சில், கறுப்பாக, எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வாக்கை நினைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி குப்பனூர் பஸ் ஏறினார்.

அங்கே நடந்ததைப் பிறகு உறவுக்காரர்கள் ஆசை தீரச் சொன்னார்கள். காலையில் கொடுத்த வார்த்தையைச் சாயங்காலம் திருப்பிக் கேட்க வந்த ரைட்டரை வாசலிலேயே நிற்க வைத்தார்களாம். காப்பி எஸ்டேட்காரருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை. பெண்ணை வைத்து வியாபாரம் பண்ணுகிறாயா என்று லாரிக்காரரின் அப்பா கேட்டாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாராம். வீட்டுக்கு வந்து எங்களிடம் எதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பேஜர் உயிர்த்தெழுந்தது. என் நம்பர் சென்னைக் கம்ப்யூட்டரில் அப்போதுதான் ஏறியதாம். சித்தப்பா லேடீஸ் சீட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்க அதை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணா, பாஸுன்னு வந்திருச்சுங்க. நம்ம பொட்டி சொல்லிருச்சு பாருங்க."

அப்பா அதை வாங்கவில்லை. ஹாஸ்டலுக்கு நான் கொண்டுபோகிற டிரங்குப் பெட்டியின் கொண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அது இப்பத்தான் சொல்லுதாக்கும். எம்புள்ள அன்னைக்கே சொல்லுச்சு. நாந்தான் கேக்குல."

பேப்பரில் நம்பரைப் பார்த்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.