மூன்று வணக்கம் பாடிய சூ-யுன்

தேர்தல் வண்டியின் ஒலிபெருக்கி சந்து முனையில் கேட்டதும் சூ-யுன் அடுப்பைத் தணித்துவிட்டு, சோற்றுக் கரண்டியோடு கடை வாசலுக்கு வந்துவிடுவார். வண்டியிலிருந்து வேட்பாளர் கையசைப்பார். இவர் கரண்டியை அசைப்பார். "போன தேர்தல்ல சொன்ன சாக்கடை மூடி எங்கய்யா? அதையும் வண்டியில ஏத்திட்டுப் போறியா?" வரிசையில் நிற்கும் மீன் ஏலக்காரர்கள் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே போய் அடுத்த பெட்டியில் சோற்றை நிரப்பத் தொடங்கியிருப்பார்.

தைவானின் தோங்காங் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக் கடை. கடையை நடத்தும் பெண்மணி சூ-யுனுக்கு நாற்பத்தேழு வயது. சோற்றின் மேல் வறுத்த பன்றி விலா, இடது மூலையில் உலர்ந்த முள்ளங்கி. முள்ளங்கியை மாற்றி வைக்கச் சொன்னால் கோபம் வரும். "அது அங்கதான் இருக்கும். புடிக்கலைன்னா ஒதுக்கி வெச்சுத் தின்னு." விரல்களில் எண்ணெய் தெறித்த தழும்புகள். சனிக்கிழமை மாலைகளில் அந்த விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு 'பழைய டயர்' இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்துப் பாடுவார். யாரிடமும் பயின்றதில்லை. ஒரே ஒலிநாடாவை அது அறுந்துபோகும்வரை ஓடவிட்டுக் கற்றுக்கொண்டார். அலுவலகங்களில் மாண்டரின் பேசுவார். பாட்டு மட்டும் தைவானியத்தில். "திட்டறதுக்கு வீட்டுப் பேச்சுதான் வாகா இருக்கும்" என்பார்.

அவர்களுடைய பாட்டுகளில் ஊரே முணுமுணுத்தது 'மூன்று வணக்கம்'. இங்கே சாவு வீட்டுக்குப் போகாத அரசியல்வாதி ஜெயித்ததில்லை. முன்பின் தெரியாதவர் படத்துக்கு முன்னால் நின்று மூன்று முறை குனிந்துவிட்டு, அடுத்த பந்தலுக்கு ஓடுவார்கள். அதைத்தான் சூ-யுனும் டிரம்ஸ் வாசிக்கும் ஆ-ஷுனும் பாட்டாக்கினார்கள்.

மொத வணக்கம் படம் புடிக்க,
ரெண்டாம் வணக்கம் ஓட்டு புடிக்க,
மூணாம் வணக்கத்துல மணியைப் பார்த்தேன்,
செத்தவர் பேரு என்னாங்க?

கூட்டம் இப்போதும் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்துகிறது. சூ-யுன் தலை குனிந்து தந்தியை முறுக்கிச் சுருதி பார்க்கிறார். பிறகு வேறு பாட்டுக்குப் போய்விடுகிறார். மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான்.

மார்ச்சில் ஆ-ஷுன் இறந்துபோனார். பனிக்கட்டி ஆலையில் வேலை முடித்துப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மணமாகாதவர். அப்பா மட்டும்தான். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வழக்கம்போல எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் சாவுச் சேதி அனுப்பினார்கள். சேதி போனால் மறுநாளே மாவட்ட மன்ற உறுப்பினர்களின் பெயர் எழுதிய இரங்கல் துணிகள் வந்து, பந்தலின் மூன்று பக்கமும் தொங்கும். ஆ-ஷுன் பந்தலில் ஐந்தாம் நாள்வரை இரண்டே துணிகள். ஒன்று பனிக்கட்டி ஆலையினுடையது, மற்றது மீனவர் சங்கத்தினுடையது.

"அடுத்த தெருவுல இறால் உரிக்கிற கிழவி போய்ச் சேந்தா. முப்பத்தொண்ணு தொங்குச்சு" என்றார் அப்பா, சூ-யுனிடம்.

"அதெல்லாம் அச்சடிச்சு அடுக்கி வெச்சிருக்கறது மாமா. செத்தவங்க பேரை மட்டும் மாத்துவாங்க."

"தெரியும்மா. அந்த அச்சடிச்சதுதான் எனக்கு வேணும். ஊர்ல எல்லாருக்கும் கெடைக்கறது எம் பையனுக்கு ஏன் கெடைக்கல?"

பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சூ-யுன் சண்டையாவது போட்டிருப்பார். 'நான் செத்தா ஒருத்தன் பேரும் எம் பந்தல்ல தொங்கக் கூடாதுடி' என்று ஆ-ஷுன் பீர் குடித்துக்கொண்டே பலமுறை சொன்னதுண்டு. அதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, மாவட்ட மன்ற உறுப்பினர் ஹோங்கின் அலுவலகத்துக்குப் போனார். உதவியாளர் பெண் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"உங்க பாட்டை எங்க டிரைவர் தெனமும் போடுவாருக்கா. நாங்க வேணும்னு விட்டோம்னு நெனைக்காதீங்க. அனுப்பினா அதையும் பாட்டுல வெச்சிடுவீங்களோன்னு பயம்."

"வெக்க மாட்டேன்" என்றார் சூ-யுன். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பாட்டையே இனிமே பாடல" என்றார். அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

உதவியாளர் பேனாவைத் திறந்துகொண்டு, "இறந்தவர் பேரு?" என்றாள். சூ-யுன் பேனாவை வாங்கித் தானே எழுதினார்.

அன்று மாலையே ஹோங்கின் துணி வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அனுப்பினார்கள். இருபத்து மூன்று. பெரியவர் பந்தலைச் சுற்றி மெதுவாக நடந்து ஒவ்வொன்றையும் படித்தார்.

அடக்கத்தன்று ஹோங்கே நேரில் வந்தார். உடன்பிறந்தவர்கள் நிற்கவேண்டிய இடத்தில் சூ-யுன் நின்றிருந்தார். ஹோங் அவசரப்படாமல் மூன்று முறை ஆழமாகக் குனிந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சூ-யுனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டார் சார்பில் அவரும் குனிந்து பதில் வணக்கம் செய்தார்.

அப்போது கடற்காற்று எழுந்தது. ஹோங்கின் துணி புரண்டு வெற்றுப் பின்புறத்தைக் காட்டியது. பெரியவரின் கண் படத்திலிருந்து அதற்குத் தாவியது. சூ-யுன் வரிசையிலிருந்து விலகிப் போய், துணியைத் திருப்பி நேராக்கி, எழுத்துகள் சனத்தைப் பார்க்கும்படி அதன் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றும்வரை விடவில்லை.