கல்யாணத்துக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவே ஒரு ப்ளூஸ்

ஒலிப்பதிவுத் தொழிலில் பாதி வேலை சத்தத்தைப் பிடிப்பது; மீதிப் பாதி, பிடிக்கக் கூடாத சத்தங்களின் கையையும் காலையும் பிடிப்பது. மைக் ஸ்டாண்டைத் தோளில் சுமந்தவர்களே, வயர் சுற்றிச் சுற்றி முழங்கை தேய்ந்தவர்களே, வீட்டில் அம்மாவைக்கூட "ஹலோ, செக்" என்று கூப்பிடுகிறவர்களே, இதை நீங்கள் படித்தால் போதும். மற்றவர்கள் நம்பப் போவதில்லை.

என் பெயர் பவித்ரா, வயது பதினெட்டு. ஓசூரில் பாகலூர் ரோட்டில் முனிராஜ் மாமா நடத்தும் சவுண்டு சர்வீஸில் ரெக்கார்டிங் என்றால் நான்தான். மாமாவுக்கு லேப்டாப்பைத் திறக்கத் தெரியும். அதற்கு மேல் சாமி விட்ட வழி. எனக்கு இன்னொரு வித்தையும் உண்டு. யார் குரலானாலும் அப்படியே எடுத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் குரலில் "எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுங்கடா" என்று மைக்கில் சொன்னேன். ஹெட்மாஸ்டரும் ஓடினார்.

சேவியர் சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பகலில் கம்பெனியில் லேத், சாயந்தரமானால் பெங்களூரு ஓட்டல்களில் கிடார் என்று ஆயுசைக் கழித்தவர். வாசிப்பது ப்ளூஸ் ராக். அது என்ன என்று மாமா கேட்டார். "ஒப்பாரிக்கு லாரி எஞ்சின் மாட்டினா எப்படி இருக்கும், அதான் மாமா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் பெயரில் ஒரு ரெக்கார்டிங்கூட இல்லை. ஸ்டூடியோவில் உட்கார வைத்தால் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி வாசிப்பார். எதிரே ஜனம் இருந்தால்தான் மனுஷனுக்கு உயிர் வரும். இப்போது இடது கை மோதிர விரல் விறைக்க ஆரம்பித்துவிட்டது. புதன்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் பழையபடி மடங்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை, ஜனத்துக்கு முன்னால், முழுசாக ஒரு உருப்படியாவது பதிந்தாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதற்கு அவர் வந்து சேர்ந்த இடம்தான் நாங்கள்.

ஸ்பீக்கருக்கு வைத்தியம்

எங்களிடம் வந்த முதல் நாளே தன் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் சார். எங்கள் மெக்கானிக் பாஷா அண்ணன் திறந்து பார்த்தார். ஸ்பீக்கர் காகிதம் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. திருவிழா, உருஸ், எலெக்ஷன் மீட்டிங் என்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் எங்கே ஸ்பீக்கர் கரகரத்தாலும் பாஷா அண்ணன்தான் டாக்டர். "த்சொ, த்சொ, வயசான காலத்துல இதைப் போயி இப்படி விட்டுருக்காரே" என்று மெல்லிசான துணி வெட்டி, பசை தடவி ஒட்டி, ஃபேன் காற்றில் காய வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிய தாய் மாதிரி நிமிர்ந்தார்.

மறுநாள் சார் வந்து கிடாரைச் சொருகி ஒரு மீட்டு மீட்டினார். மார்கழி மாசத்துக் கோயில் ஒலிபெருக்கி மாதிரி பளிச்சென்று வந்தது. தூங்கும்போது யாரோ மீசையை எடுத்துவிட்டது போல ஆனது சாரின் முகம். அந்தக் கரகரப்புக்காக வாலிப வயசில் அவரே பிளேடால் கீறிய கிழிசல்களாம் அவை. விஷயத்தைச் சொல்லி, "திரும்பக் கிழிச்சுடுங்க பாஷா" என்றார். பாஷா அண்ணன் பிளேடை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இத்தன வருஷமா இந்தக் கர்ர்ர போக்கித்தான் சார் சோறு தின்றேன். அதயே வேணும்ங்கிற மொத ஆளு நீங்க. நீங்களே கிழிச்சுக்கோங்க, எங்கையால ஆவாது."

மேடையில் ஒரு ஜோடி

நாங்கள் கொடுக்கிற வாடகைக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபம். அதிலும் காலை முகூர்த்தத்துக்கும் சாயந்தர ரிசப்ஷனுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும். நாலு மணிக்குப் பூ அலங்காரக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் முடித்துக் கிளம்ப வேண்டும். மேடைப் பின்னணியில் ஆளுயரத் தெர்மாகோல் இதயம். அதில் 'கீர்த்தனா – பிரவீன்' என்று ஜிகினா எழுத்து.

சார் அதைப் பார்த்து, "வீடியோவும் எடுக்கறோம், இதக் கொஞ்சம் கழட்ட முடியுமா?" என்று மேனேஜர் நாகராஜைக் கேட்டார். நாகராஜுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில், ஒரே நேரத்தில் வரும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். பேரு பின்னாடிதான இருக்குது? நீங்க முன்னாடிதான நிக்கப் போறீங்க?"

கடைசிப் பந்தி

மணி ஒன்றாகிவிட்டது. ஹாலில் கல்யாணக் கூட்டம் நகரவில்லை. பாதிப் பேர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் நாங்கள் வைத்த மைக் ஒவ்வொன்றிலும் குழந்தையை "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று சொல்ல வைத்துக்கொண்டிருந்தார்கள். நாகராஜிடம் சொன்னோம். அவர் இரண்டு தடவை கையைத் தட்டினார். அதைக் கேட்டு மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார்.

நான் மைக்கை எடுத்து, மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, நாகராஜின் குரலில் சொன்னேன்: "கவனிக்கணும் பந்துக்களே! கடைசிப் பந்தி ஓடுது. ஹோளிகே, அதான் போளி, இன்னும் பத்தே பேருக்குத்தான்." ஹால் வழித்துத் துடைத்த மாதிரி காலியானது. நாகராஜும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். பாதி வழியில் நின்று தலையைச் சொறிந்தார். "நான் எப்ப சொன்னேன்? ஆனா குரல் என்னுதுதான்… சொல்லியிருப்பேன் போல."

ஏசி ஹால்

இங்கேதான் என் வாய் எனக்கே வினையானது. சாரின் வாசிப்பைக் கேட்க பெங்களூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ரசிகர்கள் வருவதாக ஏற்பாடு. அந்த வேன்கள் அத்திப்பள்ளி தாண்டாமல் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தன. டிரம்ஸும் பேஸ் கிடாரும் வாசிக்கிற இரண்டு பேர் மட்டும் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஹாலில் காலி நாற்காலிகள். சார் விரலை நீவிக்கொண்டே, "ஆள் இல்லாம வாசிச்சா அது ரிகர்சல், பாப்பா" என்றார்.

என்ன செய்வது? விரட்டிய கூட்டத்தை நானே திரும்ப அழைத்தேன், அதே நாகராஜ் குரலில்: "மெயின் ஹாலில் ஏசி போடப்பட்டுள்ளது." வெற்றிலையும் கையுமாக வந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு மொய் எழுத வந்தவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். கடைசியாக நாகராஜே ஓடிவந்து கூரையைப் பார்த்தார். "அய்யோ தேவரே, இந்த மண்டபத்துல ஏசியே கெடையாதே! யாரு போட்டது?"

மரியாதை

முதல் உருப்படி தொடங்கியது. ஜனம் முதலில் மிரண்டது. அப்புறம் கால் ஆட்டத் தொடங்கியது. சார் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். என் ஹெட்போனில் தேனும் மிளகாயும் கலந்து ஊற்றிய மாதிரி இருந்தது. இது தேறிவிடும் என்று நினைத்தேன்.

நம் ஊரில் ஒருவர் நன்றாக வாசித்தால் ஜனம் முடிகிற வரைக்கும் பொறுக்குமா? மாப்பிள்ளையின் சித்தப்பா மேடை ஏறினார், கையில் பொன்னாடை. மூடிய கண்ணோடு வாசித்துக்கொண்டிருந்தவரின் தோளில் போர்த்தினார். பொன்னாடை வழுக்கி, கிடார் கம்பிகள் மேல் விழுந்தது. 'டொப்' என்று சத்தம் செத்தது. போதாததற்கு நெஞ்சில் இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் குத்தினார். நான் பதறிப்போய், "அய்யா, ரெக்கார்டிங் ஓடுதுங்க!" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "ஓடட்டும்மா. அவரு பாட்டுக்கு வாசிக்கட்டும், நாங்க பாட்டுக்கு மரியாத பண்றோம்."

மௌனமும் மாமாவும்

இரண்டாவது உருப்படி மெதுவானது. விரல் ஏற்கெனவே முரண்டு பண்ணத் தொடங்கிவிட்டதால், சார் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் பிழிந்து பிழிந்து வாசித்தார். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நம்மையே பார்க்கிற ஆள் மாதிரி, நடுவில் சட்டென்று நிறுத்தினார். டிரம்ஸும் நின்றது. மொத்த ஹாலும் மூச்சைப் பிடித்தது. அந்த மௌனத்துக்காகத்தான் அந்த உருப்படியே.

முனிராஜ் மாமா ஜன்னலோரம் நின்றிருந்தார். முப்பது வருஷப் பழக்கம் என்பது லேசுப்பட்டதா? சத்தம் நின்றால் அவர் மூளைக்கு ஒரே அர்த்தம்தான்: கரண்டு போச்சு. "ஏமைந்தி ரா!" என்று, 'என்னாச்சுடா'வைத் தெலுங்கில் கத்திக்கொண்டே பாய்ந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் கொலைவெறியோடு கத்தியது. சாரின் மௌனத்தில் டீசல் புகை நிறைந்தது. ஜனம் என்னவோ "அப்பாடா" என்று கை தட்டியது. நான் மாமாவை முறைத்தேன். மாமாவும் என்னை முறைத்தார். "சத்தம் நின்னா ஜெனரேட்டர் போடறதுதான் பவி என் தொழிலு. நிக்கிறதும் சங்கீதம்னா மொதல்லியே சொல்லணும்ல?"

பதினாறாம் நம்பர்

மூன்றரை மணி. வாசலில் பூக்கூடைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் ஒரே ஒரு உருப்படிக்குத்தான் நேரம். சார் கிடாரைத் தூக்கினார். மோதிர விரல் நீட்டியபடியே நின்றுவிட்டது. இன்னொரு கையால் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். பாஷா அண்ணன் ஒயரைச் சுற்றலாமா என்று என்னை ஜாடையில் கேட்டார். நாகராஜ் குரலோ, மாமா குரலோ எடுத்து என்ன புண்ணியம்? யார் குரலில் சொன்னாலும் விரல் கேட்காது.

சார் அந்த விரலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், லேத்தில் தப்பாகக் கடைந்த பீஸைப் பார்ப்பது மாதிரி. பிறகு மாமா பக்கம் திரும்பி, "முனிராஜ், ஜெனரேட்டர் டூல்ஸ்ல பதினாறாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் இருக்கா? நீளமானது" என்றார். மாமா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கிடார கழட்டப் போறாரு போல" என்று என் காதில் சொன்னார். சார் அந்த இரும்புக் குழாயை வேட்டியில் துடைத்து, மடங்காத விரலில் மோதிரம் மாதிரி மாட்டினார். கம்பியை அழுத்தவேயில்லை. மேலே வைத்து வழுக்கினார். விறைத்த விரல்தான் அதற்கு வசதி.

கிடார் வாய் விட்டு அழுதது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே போனது. பூக்காரர்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள். சித்தப்பா இரண்டாவது பொன்னாடையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் ஊரில் எல்லார் குரலையும் எடுத்திருக்கிறேன். அந்தக் குரல் மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை.

கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. மாமாவின் கை தானாக ஜெனரேட்டர் பக்கம் போனது. பாஷா அண்ணன் எட்டிப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால், முதல் வரிசையில் ஒரு பெண் குரல் கேட்டது. ஊத்தங்கரையிலிருந்து வந்த, கல்யாணப் பெண்ணின் அத்தை. கைதட்டலுக்காக நான் வைத்த மைக் அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கடைசி உருப்படியைக் கடையில் போட்டுக் கேட்டோம். முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிசிறு இல்லை. அந்தக் குரல் வந்ததும் சார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "பாப்பா, இது நீதானே?" "சத்தியமா நான் இல்ல சார்" என்றேன், என் வாழ்க்கையில் முதல்முறையாக அது உண்மை. வெட்டிவிடலாம் என்று மௌஸை நகர்த்தினேன். சார் என் கையைத் தள்ளிவிட்டார். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் காதில் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். இப்போதும் அந்த ரெக்கார்டிங்கில், கைதட்டலுக்கு முன்னால், தெள்ளத் தெளிவாக இருக்கிறது: "பாவம், இந்த மனுசனுக்கு என்னா கஷ்டமோ, அந்தப் பொட்டி இந்த அழுவ அழுவுது… ஏன்டி, அவரு சாப்ட்டாரான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

மைக் வைத்த பக்கம் சங்கீதம் கிடைக்கும், ஜனம் உட்கார்ந்த பக்கம் விமர்சனம் கிடைக்கும், இரண்டையும் சேர்த்துப் பதிகிற நமக்கு மட்டும் எந்தக் கல்யாணத்திலும் பந்தி கிடைக்காது.